அயலூர் ஆட்டமும் நம் ஜில்லா வாலிபரும்

விருதுநகர் ஜில்லாவிலுள்ள கால்பந்து அபிமானிகளின் நிலைமை சற்று விசித்திரமானது. அவர்களிற் பெரும்பாலோர் தங்கள் கட்சியென்று கொண்டாடுவது சென்னையின் எஃப்.சி. கோஷ்டியை. அக்கோஷ்டியின் சொந்த மைதானம் சென்னை நேரு ஸ்டேடியம். விருதுநகர் ஜங்ஷனிலிருந்து சென்னை எழும்பூருக்கு ரயில் வழி சற்றேறக்குறைய 530 கிலோமீட்டர். அக்கோஷ்டியின் நெடுநாளைய போட்டிக் கட்சி கேரளா பிளாஸ்டர்ஸ். அது 2014 முதல் பல பருவங்கள் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது கொச்சி கலூரிலுள்ள நேரு ஸ்டேடியத்தை. விருதுநகரிலிருந்து செங்கோட்டை, கொல்லம் வழியாக எர்ணாகுளத்திற்குரிய தூரம் 400 கிலோமீட்டருக்கு உட்பட்டதே. சொந்த வீடு தொலைவிலும் சம்பந்தி வீடு பக்கத்திலும் அமைந்தவன் கதை போலிருக்கிறது இது. சிவகாசி வாலிபன் ஒருவனுக்குத் தன் கட்சியின் ஆட்டத்தை நேரிற் காணும் எளிய வழி, அது அயலூரில் ஆடும்போது சென்று காண்பதேயாகும்.

ஆயினும் அவ்வழியைக் கைக்கொள்ளுவோர் மிகச் சிலரே. கொடியுண்டு, உற்சாகமுண்டு, ஏற்பாடு மட்டும் இல்லை. ஆட்டத்திற்கு இரண்டு நாள் முன்பு டீக்கடை வாசலில் பேச்சு எழுகிறது. ஒருவன் வேன் பேசுகிறேன் என்கிறான். மற்றொருவன் அனுமதிச் சீட்டை வாயிலிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். முடிவில் பாதிப் பேர் ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். புறப்பட்ட பாதிப் பேரோ பணத்தையும் தூக்கத்தையும் இழந்து, சில வேளை ஆட்டத்தையும் காணாது திரும்புகிறார்கள். இந்நிலை மாறவேண்டுமென்பதும், மாற்றுவது நம் வாலிபர்களுக்கு அரிய காரியமன்று என்பதும் நமது கருத்து.

பந்தாட்டம் பார்க்கப் போவதற்குப் பத்திரிகையில் தனிக்கட்டுரையும் வேண்டுமா என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்கு 1911ஆம் வருஷத்தை நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வருஷம் ஜூலை 29ந் தேதி கல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் கோஷ்டி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. ஒருவரைத் தவிர நம்மவர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். தலைவர் சிவதாஸ் பாதுரியின் பெயரை அறியாதார் வங்காளத்தில் இல்லை. ஆனால் அன்று வெற்றி பெற்றவர் பதினொருவர் மட்டுமல்லர். பர்த்வானிலிருந்து தனி ரயில் விடப்பட்டது. ஹூக்ளி நதியில் தனி நீராவிப் படகுகள் ஓடின. டாக்கா, அஸ்ஸாம் பக்கங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் திரண்டு வந்தனர். மைதானத்தைச் சூழ்ந்து நின்ற பல்லாயிரவரிற் பலருக்குப் பந்து கண்ணிலேயே படவில்லை. காற்றாடி பறக்கவிட்டுத்தான் கோல் கணக்கை அவர்களுக்குத் தெரிவித்தார்கள். பார்க்கமுடியாது என்று தெரிந்தும் அவர்கள் வந்து நின்றார்கள். கூட நிற்பதும் ஒரு சேவை என்பதை அந்நாள் உலகுக்குக் காட்டியது.

சிவகாசிக்கும் கல்கத்தாவுக்கும் உள்ள சம்பந்தத்தையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். 1922ஆம் வருஷ வாக்கில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த கரிசல் பூமி இன்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்றிருப்பது அப்பிரயாணத்தின் பயன். அவர்கள் குறிக்கோளோடு சென்றார்கள். வழிச்செலவுக்கு வகை செய்துகொண்டு சென்றார்கள். அயலூராரிடம் மரியாதையாக நடந்து, கற்கவேண்டியதைக் கற்றார்கள். தொழிலுக்கு ஏற்ற இம்முறை விளையாட்டுக்கும் ஏற்றதே.

இனி, காரியத்திற்கு வருவோம். முதலாவது விஷயம் தேதியும் இடமும். போட்டி அட்டவணையை வேத வாக்காகக் கொள்ளுதல் கூடாது. தொலைக்காட்சிக்காரரின் சௌகரியம், போலீஸ் பந்தோபஸ்து, மழை ஆகியவற்றை முன்னிட்டு ஆட்டத்தின் நாளும் நேரமும் மாறுவதுண்டு. 2025ஆம் வருஷத்தில் ஒப்பந்தச் சிக்கல் காரணமாக இந்தியன் சூப்பர் லீக் தொடரே குறித்த காலத்தில் தொடங்காமல் நின்றுபோயிற்று. ஆகவே, ஆட்டம் எந்த நகரில், எந்த மைதானத்தில், எந்த நாளில் என்று கோஷ்டியின் அதிகாரபூர்வமான அறிவிப்பு வந்தபின்னரே பணத்தைச் செலவிடவேண்டும். ரயிலில் இடம் பதிவு செய்தல் 2024 நவம்பர் முதல், புறப்படும் நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பாகத் தொடங்குகிறது. அட்டவணை வெளியான அன்றே பதிவு செய்துவிட்டு, மாறுதல் நேர்ந்தால் ரத்துக் கட்டணத்தோடு தப்புவது, கடைசி நேரத்தில் வேனுக்கு மும்மடங்கு கொடுப்பதைவிடச் சிலாக்கியம்.

இரண்டாவது, ரயில் வழி. விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் என்பது பழமையான பாதை. செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைக் குடைந்து 1904ஆம் வருஷத்திலேயே வண்டி விட்டார்கள். அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010ல் செங்கோட்டை – புனலூர்ப் பகுதி மூடப்பட்டு, 2018ல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தியன் சூப்பர் லீக் 2014ல் தொடங்கியதாகையால், அதன் முதற் பருவங்களில் நம் ஜில்லாவாசிகளுக்கு இம்மலைவழி கிடைக்கவேயில்லை என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். இப்போது நிலைமை வேறு. 2023 முதல் மதுரைக்கும் குருவாயூருக்கும் இடையே ஒரு தினசரி வண்டி இப்பாதையில் எர்ணாகுளம் வழியாக ஓடுகிறது. வேளாங்கண்ணி – எர்ணாகுளம் வண்டியும் வாரம் இருமுறை இரவில் நம் ஜில்லாவைக் கடந்து செல்கிறது.

ஆனால் ஒன்று. குருவாயூர் வண்டியில் பகலில் ஏறுபவர் எர்ணாகுளம் சேர்வது இரவில். ஆட்டமோ வழக்கமாக மாலை 7.30 மணி அளவில் தொடங்குவது. ஆட்டத்தன்று புறப்படுபவன் விளக்கணைந்த மைதானத்தைத்தான் காண்பான்! ஆதலின் முன்தினமே புறப்படுதல் வேண்டும். ஆட்டம் முடிய இரவு ஒன்பதரை மணி ஆகும். திரும்பும் வண்டி மறுநாட் காலையில்தான். ஆக, இரண்டு இரவுத் தங்கலும் மூன்று நாள் பொழுதும் என்று கணக்கிட்டுக்கொண்டு புறப்படுபவனே ஏமாறாதவன். புறப்படுமுன் நேரங்களை ரயில்வேயாரின் அன்றைய அட்டவணையோடு ஒத்துப்பார்த்தல் அவசியம்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை யாத்திரைக் காலம். செங்கோட்டை, கோட்டயம் வழியிலுள்ள வண்டிகள் அக்காலத்தில் ஐயப்ப பக்தர்களால் நிரம்பி வழியும். பக்திக்குச் செல்வோரும் பந்துக்குச் செல்வோரும் ஒரே வண்டியில் இடம் தேடுவர். முன்கூட்டிப் பதிவு செய்யாதவன் கதவோரத்தில் நின்றுகொண்டு மலையேறவேண்டியதுதான்.

வேனிற் செல்வோர் புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாக மலைப்பாதையைக் கடக்கவேண்டும். மாநில எல்லை தாண்டுவதற்குரிய பெர்மிட்டும் வரியும் செலுத்தப்பட்டனவா என்று வண்டிக்காரரிடம் முன்னதாகவே கேட்டறிக. எல்லாவற்றிலும் முக்கியமானது சாரதியின் தூக்கம். ஆட்டம் முடிந்த இரவே திரும்புகிறோம் என்ற வீறாப்புக்கு மலை வளைவுகள் மதிப்புக் கொடுப்பதில்லை. இரண்டு சாரதிகள் இல்லையேல் விடியும்வரை தங்கிச் செல்வதே புத்தி.

மூன்றாவது விஷயம் கூலி. இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் ஜில்லா வாலிபரிற் பெரும்பாலோர் செய்த வேலைக்கேற்ற கூலி வாங்குவோர். பட்டாசுத் தொழிற்சாலையிலோ, தீப்பெட்டிக் கம்பெனியிலோ, அச்சகத்திலோ மூன்று நாள் வேலை நின்றால் மூன்று நாட் கூலி போயிற்று. ரயில் கட்டணம், தங்கும் செலவு, உணவு, அனுமதிச் சீட்டு என்ற நான்கோடு இழந்த கூலியையும் ஐந்தாவது இனமாகச் சேர்த்துக் கணக்கிடாதவன் தன் குடும்பத்தை ஏமாற்றுகிறவனாவான். கடன் வாங்கி ஆட்டம் பார்ப்பதை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம்.

இதற்கு மார்க்கம் உண்டு. இருபது பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, வாரக் கூலி வாங்கும் நாளில் ஆளுக்கு 100 ரூபாய் வீதம் காரியதரிசியிடம் கட்டி வந்தால், இருபது வாரத்தில் ஆளுக்கு 2,000 ரூபாய் சேரும். சிக்கனமாகச் செல்பவரின் வழிச்செலவில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். வரவு செலவை நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி, கேட்டவருக்கெல்லாம் காட்டவேண்டும். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலித்துக் கணக்கு ஒப்பிக்கத் தெரிந்த நம் ஊராருக்கு இது புதிய வித்தையன்று.

பருவத்தையும் பார்த்தல் வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிவகாசிப் பகுதியில் யாருக்கும் ஓய்வில்லை. காலண்டர், டைரி அச்சிடுவோருக்கு வருஷக் கடைசி வரை வேலை மிகுதி. தீபாவளி முடிந்தபின் பட்டாசுத் தொழிற்சாலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். அப்போது நேரம் உண்டு, கூலி இல்லை. முன்னமேயே சேர்த்த நிதி கைகொடுக்கும் காலம் அதுவே. பங்குனிப் பொங்கல் சமயத்தில் விருதுநகரை விட்டு எவரும் நகரமாட்டார் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

நான்காவது, அனுமதிச் சீட்டு. இக்காலத்தில் சீட்டுகள் பெரும்பாலும் இணையதளத்தின் மூலமே விற்கப்படுகின்றன. வாயிலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிச் செல்வது தவறு. விருந்தாளிக் கட்சியின் ரசிகர்களுக்கு எந்தப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சென்னையின் கோஷ்டியின் ரசிகர் சங்கங்கள் மூலம் விசாரித்து, எல்லோருக்கும் அப்பகுதியிலேயே சீட்டு வாங்கவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று மஞ்சட் சட்டைக் கூட்டத்தின் நடுவே இடம் வாங்கிக்கொண்டு நீலச் சட்டையோடு போய் உட்காருவது வீரமன்று, விவேகக்குறைவு. கொச்சியில் ஆட்டமாயின், நகர ரயிலான மெட்ரோவுக்கு ஸ்டேடியத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. எர்ணாகுளம் ஜங்ஷன் பக்கத்திலிருந்து அதிலேயே செல்லலாம். ஆட்டம் முடிந்தபின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது விஷயம் நம் ஜில்லாவுக்கே உரியது, உயிர் சம்பந்தமானது. சிவகாசியிலிருந்து ஒரு கூட்டம் ஆட்டத்திற்குச் செல்கிறதென்றால், பையில் நாலு சரவெடியோ வாணமோ போட்டுக்கொண்டு போனால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. கூடவே கூடாது என்று நாம் கண்டிப்பாகச் சொல்லுகிறோம். ரயிலில் வெடிப்பொருளை அனுமதியின்றி எடுத்துச் செல்லுவது, 1989ஆம் வருஷத்திய ரயில்வே சட்டத்தின் 164வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் கிடக்கட்டும், கண்முன் நடந்ததைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 26ந் தேதி விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்றுகொண்டிருந்த யாத்திரைப் பெட்டியொன்று, இரகசியமாக ஏற்றிவந்த எரிவாயு உருளை காரணமாகத் தீப்பற்றி, ஒன்பது பேர் மாண்டனர். 2025 பிப்ரவரியில் மலப்புறம் ஜில்லா அரீக்கோட்டில், எழுவர் கால்பந்து இறுதி ஆட்டத்திற்கு முன் கொளுத்திய வாணங்கள் ஜனக்கூட்டத்தில் பாய்ந்து, இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

வெடியின் குணம் நம்மவருக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்குத் தெரியும்? 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களை ஒரே பகலில் பறிகொடுத்த ஜில்லா இது. மருந்து அறையில் உராய்வுக்கும் அஞ்சி வெறுங்காலோடு நடக்கும் தொழிலாளி, அதே மருந்தை ஐம்பதாயிரம் பேர் கூடிய இடத்தில் கொளுத்துவானா? பட்டாசு நம் தொழில். அதனாலேயே அது நமக்கு விளையாட்டுப் பொருளன்று. மைதான வாயிற்காவலர் பீடிக்காரனின் தீப்பெட்டியைக் கூடப் பிடுங்கிவிடுவர். சிவகாசி முத்திரையுள்ள பெட்டியாயினும் சரியே! அதற்குக் கோபித்துக்கொள்ளலாகாது.

ஆறாவது, நடத்தை. 2014 டிசம்பர் அரை இறுதியில் சென்னைக் கோஷ்டி கொச்சியில் மூன்று கோல் வாங்கித் தோற்றது. மூன்றே நாளில் சென்னையில் அம்மூன்றையும் திருப்பிக் கொடுத்தது. ஆயினும் அதிக நேர ஆட்டத்தில் கேரளத்தார் போட்ட ஒரு கோலால் மொத்தக் கணக்கில் நாலுக்கு மூன்றாகப் பின்தங்கியது. அத்தகைய ஆட்டங்களில் இரத்தம் கொதிப்பது இயல்பே. ஆனால் கொதிப்பு பந்தோடு நிற்கவேண்டும். முல்லைப் பெரியாற்று வழக்கைப் பேச நீதிமன்றமும் சட்டசபையும் இருக்கின்றன. மைதானத்தில் அதைக் கோஷமாக்குபவன் வழக்குக்கும் உதவான், ஆட்டத்துக்கும் உதவான். 1924ல் வைக்கத்துத் தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தொண்டர்கள் இதே மலையாள நாட்டிற்குச் சென்று, அந்நாட்டாரோடு தோளோடு தோள் நின்று சிறை புகுந்தனர். அவ்வழியிற் செல்லும் நாம் அவர்கள் மொழியையோ உடையையோ பழித்துப் பேசுவோமாகில் அது நமக்கே இழுக்கு.

விருந்தாளிக்கு ஒரு முறை உண்டு. உள்ளூரான் கோல் போட்டால் கைதட்டத் தேவையில்லை. தூற்றாமல் இருந்தாற் போதும். மது அருந்திவிட்டு மைதானம் வருபவனைச் சங்கம் அன்றே விலக்கவேண்டும். பத்துப் பேருக்கு ஒருவராகப் பொறுப்பாளர் இருந்து, போகும்போதும் வரும்போதும் தலைகளை எண்ணவேண்டும். ஆட்டம் முடிந்ததும் முண்டியடித்து வெளியேறாமல், காவலர் சொல்லும்வரை பகுதியிலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். 1980 ஆகஸ்ட் 16ந் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிய ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்ற மகன் வீடு திரும்பவில்லை என்ற செய்தியைவிடக் கொடிய தோல்வி எந்தக் கோஷ்டிக்கு உண்டு?

ரசிகர்களுக்கே புத்தி சொல்லிவிட்டு நிர்வாகிகளை விட்டுவிடுதல் நியாயமன்று. 2022 அக்டோபர் 1ந் தேதி இந்தோனேசியாவின் மலாங் ஜில்லா மைதானத்தில் 135 பேர் மாண்டனர். அன்று எதிர்க்கட்சி ரசிகர்கள் வரவேகூடாதென்று முன்கூட்டியே தடுத்துவிட்டிருந்தார்கள். ஆயினும் கண்ணீர்ப்புகையும் திறவாத குறுகிய வாயில்களும் உள்ளூராரையே கொன்றன. விருந்தாளியைத் தடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று கருதுவோருக்கு இது தக்க பதில். அகன்ற வாயிலும், குடிநீரும், அயலூராருக்குத் தனிப் பாதையும், கூட்டத்தைக் கையாளக் கற்ற காவலருமே ஆபத்தை நீக்குவன. சீட்டு வாங்கி வரும் தொழிலாளியைச் சந்தேகத்துக்குரியவனாக நடத்தாமல் விருந்தாளியாக நடத்துவது மைதானக்காரரின் கடமை.

தெற்கு ரயில்வேயாரும் ஆட்ட நாட்களில் இம்மலைப்பாதை வண்டிகளில் ஒன்றிரண்டு பெட்டிகளை மிகுதியாகச் சேர்க்கலாம். 1911ல் அந்நியர் ஆட்சியில் பர்த்வானுக்குத் தனி வண்டி கிடைத்தது. சுதந்திர நாட்டில் சிவகாசிக்கு ஒரு பெட்டி கிடைக்காதா? சென்னையின் கோஷ்டியாரும், தமிழ்நாடு என்பது கூவத்தோடு முடிந்துவிடுவதன்று என்பதை நினைந்து, ஆண்டுக்கு ஓர் ஆட்டமேனும் மதுரைப் பக்கத்தில் நடத்த முயலவேண்டும். தென் ஜில்லாக்காரன் தன் கட்சியைக் காண அயல் மாநிலம் செல்வதே எளிது என்ற நிலைமை கோஷ்டிக்குப் பெருமை தருவதன்று.

வாலிபர்களே! ஒரு ஆட்டத்திற்குச் சென்று வருவது அற்பக் காரியமென்று எண்ணவேண்டாம். இருபது பேர் கூடி நிதி சேர்த்து, கணக்கெழுதி, காலத்தில் புறப்பட்டு, அயல்நாட்டில் மானமாக நடந்து, எண்ணிய தலைகள் எண்ணியபடியே திரும்பி வருவார்களாகில், அவர்கள் நாளை கூலி உயர்வு கேட்கவும், தொழிற்சாலைகளில் பாதுகாப்பு கேட்கவும், ஊருக்குக் குடிநீர் கேட்கவும் தகுதி பெற்றவர்களாவார்கள். கூடி வாழும் பழக்கம் எங்கே தொடங்கினாலும் நன்றே. அடுத்த பருவத்தின் அட்டவணை வெளியாவதற்குள் உங்கள் தெருவில் ஒரு நோட்டுப் புஸ்தகமும், ஒரு காரியதரிசியும், முதல் வாரத்து நூறு ரூபாயும் தயாராகட்டும்.